அக்டோபரில் பலகை மாற்றுவார்கள்

அங்கே அக்டோபர் கடைசியில்
ஏணியோடு ஒரு வண்டி வருமாம்.
நூறு என்றிருக்கும் பலகையைக் கழற்றி
எண்பதை மாட்டிவிட்டுப் போவார்களாம்.
பனி உருகினால் மறுபடி நூறு.
ஆக்னஸ் சொன்னபோது சிரித்துவிட்டேன்:
பலகைக்கும் ஸ்வெட்டர் போடுகிற ஊர்.

எங்கள் மாதனூர்ப் பக்கம் இருப்பது ஒரே எண்பது.
சித்திரையில் டயர் வெடிக்கிற மதியத்துக்கும் அதுதான்,
மார்கழியில் என் பம்பரே எனக்குத் தெரியாத
விடியலுக்கும் அதுதான்.
கம்பத்தில் ஒட்டிய மூல வைத்தியர் நோட்டீஸ் மட்டும்
வருஷத்துக்கு ஒருமுறை புதுசாகும்.

வேலூரில் இருந்தவரை
கிரீன் சர்க்கிளை ஸ்கூட்டியில் தாண்டப் பயந்தவள்.
இப்போது பின்லாந்தில், ஔலு என்கிற ஊரில்,
ஆணி பதித்த டயரில் நைட் டியூட்டிக்குப் போகிறாள்.
மைனஸ் இருபத்தாறில்
காரை மாடு மாதிரி வயரில் கட்டி
இன்ஜினுக்குச் சூடு வைக்கணுமாம்.
வேகமாய்ப் போய் மாட்டினால்
சம்பளத்தைப் பார்த்து அபராதம்.
"அப்ப எனக்கு ரெண்டு டீக்காசுதான்" என்றேன்.
"எனக்கு அப்படியில்லையே" என்றாள்.
அதற்கப்புறம் கொஞ்சநேரம்
ரெண்டு பேரும் லைனில் சும்மா இருந்தோம்.

பிறகு அவளே ஆரம்பித்தாள்.
வழுக்குகிற தரையில் ஓட்டிப் பழக
தனியாக ஒரு வகுப்பு.
வண்டி சுற்றினால் மோதப்போகிற மரத்தைப் பார்க்காதே,
போகவேண்டிய இடத்தைப் பார்,
கை தானாய் அங்கே திருப்பும்.
"போகவேண்டிய இடமே தெரியலன்னா?"
"அதுக்கு அவங்க ஒண்ணும் சொல்லலை."

டிசம்பர் பத்தொன்பது.
ஆம்பூரில் முந்நூறு பெட்டி ஷூ சோல் ஏற்றி
ராணிப்பேட்டைக்கு.
பள்ளிகொண்டா டோலுக்கு அப்புறம்
ரோடு இல்லை.
ஆற்றில் தண்ணீர் வராத பாலாறு
பனியை மட்டும் கரைபுரள அனுப்பியிருந்தது.
கிளீனர் தஸ்தகீர் இடுப்புவரை வெளியே தொங்கி
"போ... போ... வெள்ளைக்கோடு கீது, போ" என்றான்.
ஒரு ஆம்னி பஸ் ஹாரனை மட்டும் எங்கள்மேல் எறிந்துவிட்டு
தொண்ணூறில் மறைந்தது.

முதலில் வாசனைதான் வந்தது.
வெட்டின கரும்பின் பச்சை வாசனை.
கால் என்னைக் கேட்காமல் மிதித்தது.
பனி கொஞ்சம் விலகியபோது
கண்ணாடிக்கு மூன்றடியில் தோகை.
டிராக்டர். டிரெய்லர். பின்னால் ஒரு பொட்டு வெளிச்சமில்லை.

திட்டத்தான் இறங்கினேன்.
பச்சையப்பன் என்று பேர் சொன்னான்,
தலையில் துண்டு, வாயில் ஆவி.
"லைட்டு வயரை எலி கடிச்சிடுச்சிணே."
எலியை என்னவென்று திட்டுவது?

என் சாவிக்கொத்தில் ஒரு தகடு தொங்கும்.
அங்கே நடந்து போகிறவர்களே
கோட்டில் மாட்டிக்கொள்வது,
போன லீவில் கொண்டுவந்தாள்.
வெளிச்சம் பட்டால் கொம்பு விரித்த ஒரு மான் பளிச்சென்று நிற்கும்.
கழற்றி, கட்டுக்கம்பியால்
கடைசிக் கரும்பில் முறுக்கினேன்.
"இன்னாணே இது, கழுதையா?"
"மான்."
"கொம்பு சரியா வரலியே" என்றபடி ஏறிக்கொண்டான்.

வேலூர்வரை அவன் பின்னாலேயே வந்தேன்,
ரெண்டு பக்க இண்டிகேட்டரும் அடிக்க, இருபதில்.
என் பின்னால் எத்தனை வண்டி என்று எண்ணவில்லை,
வசவை மட்டும் தஸ்தகீர் எண்ணினான்.
லைட்டில் மான் குதித்துக் குதித்து
முன்னால் போய்க்கொண்டே இருந்தது.

காட்பாடிப் பக்கம் அவன் திரும்பியதும்
ஓரம்கட்டி, டீ சொல்லி, போன் போட்டேன்.
அங்கே ராத்திரி இரண்டரை.
"எவ்வளவு ஸ்பீடுல வந்த?"
"இருபது."
"போர்டுல?"
"எண்பது."
"மான் பத்திரமா இருக்கா?"
"அம்முண்டி சர்க்கரை மில்லுக்குப் போயிருக்கு."
என்ன என்று கேட்க வாயெடுத்தாள்,
அதற்குள் ஏதோ ஒரு கட்டிலிலிருந்து மணி அடித்தது.
"இரு, வந்துடறேன்" என்றாள்.
டீ ஆறும்வரை போனைக் காதில் வைத்திருந்தேன்.